வலையில் மா தூவாதீர்கள்

ஹட்டன் பக்கம் இப்போது பல பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் பின்னால் சிலந்தியும் பூச்சியும் தேடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் காட்டும் படங்களைப் பார்த்தால், எங்கள் காலத்துத் தவறுகள் அப்படியே இருக்கின்றன. சிலந்தி பூச்சியினம் அல்ல, அதற்கு எட்டுக் கால் என்பதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை விடுவோம்.

வலைக்கு மா பூசுவது

இதை நினைத்தாலே எரிச்சல் வருகிறது. இழை படத்தில் தெரியவில்லை என்று கோதுமை மாவையோ பவுடரையோ ஊதிவிடுவது. யாரோ ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்த வித்தை, இன்னும் ஒழியவில்லை.

அண்மையில் பக்கத்து லயத்துப் பையன் போஞ்சிப் பந்தலில் இதைத்தான் செய்தான். வலை நடுவே பெருக்கல் குறிபோல வெள்ளை நூல் போட்டு, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து உட்காருமே, அந்தச் சிலந்தி. வயிறு பருத்த பெண், முட்டையிடும் நேரம். மா விழுந்ததும் வலையைப் பிடித்து உலுக்கியது. "ஆடுது பாருங்க மாமா!" என்கிறான். ஆட்டமா அது? விரட்டுகிறது. மறுநாள் வலை கிழிந்து தொங்கியது, சிலந்தியைக் காணோம்.

வட்ட வலையில் எல்லா இழையும் ஒட்டாது. மையத்திலிருந்து விரியும் இழைகளில் பசை இல்லை. சுற்றிச் சுற்றி வரும் இழையில்தான் பசைத் துளிகள் இருக்கின்றன. அந்தத் துளிகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஒட்டும் தன்மையைக் காத்துக்கொள்கின்றன. மேலே மா படிந்தால் ஈ மோதினாலும் நழுவிப் போய்விடும். இரை போனதோடு முடியவில்லை. வட்ட வலைச் சிலந்திகள் பல, பழைய வலையைத் தின்று அந்தப் புரதத்தில்தான் புதிய வலை கட்டுகின்றன. ஒரு படத்துக்காக அதன் கைமுதலிலேயே மண்ணைப் போடுகிறோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மலைநாட்டில் மாவுக்குத் தேவையே இல்லை. விடியற்காலையில் போனால் பனித்துளி கோத்த வலை தானாகவே தெரியும். பனி இல்லாத நாளில் வலைக்குச் சற்றுப் பின்னால் ஒரு கறுப்புக் குடையை விரித்துப் பிடியுங்கள். வெயில் பக்கவாட்டில் விழட்டும். வீட்டுக்கு வீடு குடை இருக்கிற ஊர் இது!

சின்னதைக் குட்டி என்பது

பெரிய வலையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு சிலந்தி, பெரும்பாலும் ஆண்.

டோர்ச்சை இடுப்பளவில் பிடிப்பது

இரவில் தரையில் ஓடும் ஓநாய்ச் சிலந்தியின் கண் மினுங்கும். அந்த ஒளி வந்த வழியே திரும்புவதால், டோர்ச்சை நெற்றியோடு ஒட்டிப் பிடித்தால்தான் உங்கள் கண்ணுக்கு எட்டும்.

சுருண்ட இலையைப் பிரிப்பது

தேயிலையில் சுருண்டு ஒட்டிய இலைக்குள் சிலந்தியும் இருக்கலாம், இலைசுருட்டிப் புழுவும் இருக்கலாம். அந்தப் புழுவை அடக்க 1930களில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்தார்கள். புழுவுக்குள் அதன் குஞ்சு வளர்ந்துகொண்டிருந்தால், இலையைப் பிரிக்கிற நீங்கள் அதையும் சேர்த்துக் கெடுக்கிறீர்கள். இலையைப் பறிக்காமல் பின்னால் டோர்ச் அடியுங்கள், உள்ளே இருப்பதன் நிழல் தெரியும்.

குளவிக் கூட்டைக் கிட்டப்போய்ப் பார்ப்பது

வேண்டாம். கொழுந்து பறிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.