ஸ்கோப் ப்ரோப்: மெகாஹெர்ட்ஸ் மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

ஸ்கோப் (மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்) வாங்குவதற்கு முன் மாதக்கணக்கில் அலசுகிறவர்கள்கூட, சர்க்யூட்டைத் தொட்டு சிக்னலை அதற்குக் கொண்டுபோகும் ப்ரோப் விஷயத்தில் பெட்டிக்குள் எது வந்ததோ அதோடு சரி. அது உடைந்தால் ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ "100 மெகாஹெர்ட்ஸ் ப்ரோப் இருக்கா?" என்று கேட்டு, இருப்பதிலேயே விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். மெகாஹெர்ட்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ப்ரோப்பின் முனையை போர்டில் வைத்த நொடியிலிருந்து அதுவும் உங்கள் சர்க்யூட்டில் ஒரு பாகம்தான்: ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், கொஞ்சம் இண்டக்டன்ஸ், அப்புறம் மெயின்ஸ் எர்த்துக்கு ஒரு நேரடி இணைப்பு, இவ்வளவையும் சால்டர் வைத்த மாதிரி. எந்த இடத்தைத் தொடப் போகிறோம் என்று யோசிக்காமல் ப்ரோப் தேர்வு செய்வதில்தான் பாதித் தவறுகள் ஆரம்பிக்கின்றன.

முதலில் ப்ரோப்பில் இருக்கும் அந்தக் குட்டி சுவிட்ச், 1எக்ஸ், 10எக்ஸ். 1எக்ஸ் சிக்னலை அப்படியே அனுப்பும், 10எக்ஸ் பத்தில் ஒன்றாக்கி அனுப்பும். 1எக்ஸில் அலை பெரிதாகத் தெரிகிறது, பெருக்கிப் பார்க்கும் வேலை இல்லை என்று பலர் அதிலேயே விட்டுவிடுகிறார்கள். 200 மெகாஹெர்ட்ஸ் என்று பெரிதாக அச்சிட்ட ப்ரோப்பாக இருந்தாலும் 1எக்ஸில் தள்ளியதும் அதன் பேண்ட்வித், அதாவது அது ஒழுங்காகக் காட்டும் அதிர்வெண் எல்லை, 6 முதல் 10 மெகாஹெர்ட்ஸுக்குள் சுருங்கிவிடும். கையேட்டில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைவிட மோசம், கேபிளும் ஸ்கோப்பின் உள்ளீடும் சேர்ந்து சுமார் 100 பிகோஃபாரட் உங்கள் சர்க்யூட்டின் தலையில் ஏறும். 10எக்ஸில் இது 10 முதல் 15 பிகோஃபாரட்தான்.

இது எவ்வளவு பாதிக்கும் என்று ஒரு கணக்கு. 400 கிலோஹெர்ட்ஸில் ஓடும் ஐ2சி பஸ் (சிப்பும் சென்சாரும் பேசிக்கொள்ளும் இரண்டு கம்பி இணைப்பு), சிக்னலை மேலே இழுக்கும் புல்-அப் ரெசிஸ்டர் 4.7 கிலோஓம், பஸ்ஸின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் 40 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். சிக்னல் 30 சதவீதத்திலிருந்து 70 சதவீதத்துக்கு ஏற 160 நானோசெகண்ட் ஆகும். இந்த வேகத்துக்கு ஐ2சி விதிப்படி 300 வரை போகலாம். 10எக்ஸ் ப்ரோப் வைத்தால் 207, பாதகமில்லை. அதே இடத்தில் 1எக்ஸ் வைத்தால் 557. நன்றாக ஓடிக்கொண்டிருந்த சென்சார் ப்ரோப்பை வைத்ததும் பதில் சொல்லாமல் நின்றுவிடும், எடுத்தால் திரும்ப ஓடும். நீங்கள் ஃபர்ம்வேரில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கிரிஸ்டல் இன்னும் தொட்டாற்சிணுங்கி. மைக்ரோகண்ட்ரோலருக்குப் பக்கத்தில் இருக்கும் 32.768 கிலோஹெர்ட்ஸ் வாட்ச் கிரிஸ்டலுக்கு லோட் கெப்பாசிட்டன்ஸே 6 முதல் 12.5 பிகோஃபாரட்தான். அதில் 12 பிகோஃபாரட் ப்ரோப்பை வைத்துவிட்டு "ஆசிலேட்டர் ஓடவில்லை, கிரிஸ்டல் போய்விட்டது" என்று கழற்றி மாற்றுகிறவர்கள் உண்டு. இந்த இடத்துக்கு முனையிலேயே ஆம்ப்ளிஃபையர் உள்ள, 1 பிகோஃபாரட் அளவிலான ஆக்டிவ் ப்ரோப் வேண்டும், இல்லையென்றால் அங்கே கை வைக்கவே வேண்டாம். கிளாக்கை ஏதாவது ஒரு பின்னில் வெளியே கொண்டுவரும் வசதி பெரும்பாலான சிப்களில் இருக்கிறது, அதைப் பாருங்கள், செலவில்லாத வழி.

பெட்டியில் "10 மெகாஓம்" என்று போட்டிருப்பதை நம்பி "இது சர்க்யூட்டை ஒன்றும் செய்யாது" என்று நினைப்பதும் இதோடு சேர்ந்ததுதான். அந்த 10 மெகாஓம் டிசிக்கு மட்டும். 12 பிகோஃபாரட் என்பது 10 மெகாஹெர்ட்ஸில் சுமார் 1,300 ஓம், 100 மெகாஹெர்ட்ஸில் 133 ஓம். வேகமான சிக்னலில் நீங்கள் தொங்கவிடுவது ஒரு நூற்று முப்பது ஓம் லோடுதான். அதனால் ஒரே விலையில் இரண்டு ப்ரோப் இருந்தால், மெகாஹெர்ட்ஸ் அதிகமானதைவிட முனைக் கெப்பாசிட்டன்ஸ் குறைந்ததையே எடுங்கள் என்பேன்.

சரி, மெகாஹெர்ட்ஸுக்கே வருவோம். 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் 60 மெகாஹெர்ட்ஸ் ப்ரோப்பைப் போட்டால் இரண்டும் சேர்ந்து கிடைப்பது சுமார் 51. அந்த 51-லும் அலையின் உயரம் ஏற்கெனவே 30 சதவீதம் குறைந்திருக்கும், பேண்ட்வித் என்று சொல்வதே அந்தப் புள்ளியைத்தான். இன்னொரு குழப்பம், "என் கிளாக் 1 மெகாஹெர்ட்ஸ்தானே, 20 மெகாஹெர்ட்ஸ் ப்ரோப் தாராளம்" என்பது. கிளாக் மெதுவாக இருந்தாலும் இன்றைய சிப்களின் விளிம்பு 2 நானோசெகண்டில் ஏறிவிடும். 0.35-ஐ ஏறும் நேரத்தால் வகுத்துப் பாருங்கள், 175 மெகாஹெர்ட்ஸ் வருகிறது. அந்த விளிம்பில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் அதற்கேற்ற ப்ரோப், வெறும் பிட் வருகிறதா என்று பார்க்க மட்டும்தான் என்றால் சாதாரணமானது போதும். ஸ்கோப்பின் பேண்ட்வித்துக்குக் குறையாத ப்ரோப் வாங்குங்கள், அதற்கு மேல் யோசிக்க இதில் ஒன்றுமில்லை.

யோசிக்க வேண்டியது கிரவுண்ட் வயர். ப்ரோப்போடு வரும் அந்தக் கறுப்பு வயரும் முதலைக் கிளிப்பும் சுமார் 15 சென்டிமீட்டர் நீளம். வயருக்கு சென்டிமீட்டருக்குத் தோராயமாக 10 நானோஹென்றி, ஆக 150. அதோடு முனையின் 12 பிகோஃபாரட் சேர்ந்து 120 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒத்ததிர்வு. வேகமான விளிம்பு எது வந்தாலும் அந்த அதிர்வெண்ணில் மணி அடிக்கும். 3.3 வோல்ட் சிக்னல் 4.5 வரை எகிறிக் குதித்துத் துடிப்பதைப் பார்த்துவிட்டு ஆள் துடிப்பை அடக்கும் ஸ்னப்பர் போடுகிறார், சீரீஸ் ரெசிஸ்டர் போடுகிறார், போர்டையே மாற்றி வரைகிறார், துடிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. எப்படிப் போகும், அது போர்டில் இல்லையே, அவர் கையில் இருக்கிறது.

முனையின் பிளாஸ்டிக் கொக்கியைக் கழற்றினால் உள்ளே ஊசியும் அதைச் சுற்றி ஓர் உலோக வளையமும் தெரியும். அந்த வளையத்தில் மாட்டும் சின்ன ஸ்பிரிங் ஒன்று இருக்கும், ஒரு சென்டிமீட்டர் காலோடு. அதை மாட்டி, பார்க்கும் பின்னுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கிரவுண்டில் காலை ஊன்றினால் அதே ஒத்ததிர்வு 450 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும், உங்கள் ஸ்கோப்புக்கு அது தெரியவே தெரியாது. ப்ரோப் வாங்கும்போது பையைப் பிரித்து இந்த ஸ்பிரிங் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான ப்ரோப்களில் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். சந்தேகமாக இருந்தால் ப்ரோப்பின் முனையை அதன் கிரவுண்ட் கிளிப்பிலேயே மாட்டி, ஓடிக்கொண்டிருக்கும் போர்டுக்கு மேலே காட்டுங்கள். திரையில் நேர்கோடு வர வேண்டும். அலை வந்தால் வயர் வளையம் ஆன்டெனாவாக வேலை செய்கிறது, அந்த அளவு குப்பை உங்கள் எல்லா அளவீட்டிலும் கலந்திருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் தவறான அளவீடு. இனி சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது.

மேசை ஸ்கோப்பில் ப்ரோப்பைச் செருகும் பிஎன்சி இணைப்பியின் உலோகம், அதாவது உங்கள் கிரவுண்ட் கிளிப், மூன்று பின் பிளக் வழியாக மெயின்ஸ் எர்த்தோடு இணைந்திருக்கிறது. எல்லா சேனல்களின் கிளிப்பும் உள்ளே ஒன்றுதான். ஒரு கிளிப்பை கிரவுண்டிலும் இன்னொன்றை 12 வோல்ட்டிலும் மாட்டினால் நேராக ஷார்ட். எஸ்எம்பிஎஸ்ஸின் (சுவிட்சிங் பவர் சப்ளை) பிரைமரி பக்கம், அதாவது மெயின்ஸ் நேராக வரும் பக்கம், இன்னும் ஆபத்து. அங்கே "கிரவுண்ட்" என்று வரைபடத்தில் இருப்பது ஏசியை டிசியாக்கும் டையோடு பிரிட்ஜின் மைனஸ், எர்த் அல்ல. பாதி நேரம் அது ஃபேஸோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் கிளிப்பை மாட்டினால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே டையோடு வழியாக நேராகக் கரன்ட் பாயும். பிரிட்ஜ் வெடிக்கும், கிளிப் உருகும், அதிர்ஷ்டம் இருந்தால் எம்சிபி விழும்.

இதற்குப் பலர் கண்டுபிடித்திருக்கும் "தீர்வு" ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டுவது, அல்லது இரண்டு பின் அடாப்டர் போடுவது. ரிப்பேர் வீடியோக்களில்கூட இதை நுணுக்கம் போலச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எர்த் போனதும் ஸ்கோப்பின் உலோக உடம்பு முழுக்க நீங்கள் கிளிப் மாட்டிய புள்ளியின் வோல்டேஜுக்கு ஏறிவிடும். பக்கத்து சேனலின் பிஎன்சியில் கை பட்டால் போதும். 230 வோல்ட் என்பது உச்சத்தில் 325.

செய்ய வேண்டியது ஹை வோல்டேஜ் டிஃபரன்ஷியல் ப்ரோப் வாங்குவது. இரண்டு முனை, கிரவுண்டே தேவையில்லை, இரண்டு புள்ளிக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் ஸ்கோப்புக்குப் போகும். விலை அதிகம்தான், சில நேரம் சின்ன ஸ்கோப்பின் விலையைத் தொடும். வாரம் ஒரு பவர் சப்ளையாவது திறக்கிறவர் என்றால் புது ஸ்கோப்புக்கு முன் இதை வாங்குங்கள். எப்போதாவதுதான் என்றால் இரண்டு 10எக்ஸ் ப்ரோப்களை, இரண்டின் கிளிப்பையும் எங்கும் மாட்டாமல், இரு புள்ளிகளில் வைத்து ஸ்கோப்பின் மேத் வசதியில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்கலாம். துல்லியம் சுமார்தான், ஆனால் பாதுகாப்பு. போர்டை மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுவதும் ஒரு வழி. ஆனால் கிளிப்பை மாட்டியதும் போர்டின் ஒரு முனை எர்த் ஆகிவிடுகிறது. அதன் பிறகு வேறு புள்ளியை ஒரு கையால் தொட்டாலும் அடிக்கும். அதை மறந்து டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் தைரியத்தில் கை வைப்பவர்கள் அதிகம்.

லேப்டாப்பில் செருகும் யுஎஸ்பி ஸ்கோப்பை "இது பேட்டரிதானே" என்று மெயின்ஸில் வைப்பதும் இந்த ரகம்தான். சார்ஜர் மூன்று பின் என்றால் எர்த் அங்கே வந்துவிட்டது. சார்ஜர் இல்லாவிட்டாலும் லேப்டாப்பின் உலோகமே ஃபேஸ் ஆகிவிடும்.

டிஃபரன்ஷியல் ப்ரோப்பிலும் வோல்ட் எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. இரண்டு முனைக்கும் பொதுவாக ஏறி இறங்கும் வோல்டேஜை அது எவ்வளவு ஒதுக்கும் என்பதை டெசிபலில் கொடுத்திருப்பார்கள். 50 ஹெர்ட்ஸில் 80 என்று அழகாக இருக்கும், சில மெகாஹெர்ட்ஸ் போனதும் 50-க்கு இறங்கிவிடும். ஹாஃப் பிரிட்ஜில் (ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்ஃபெட் சுவிட்சுகள்) மேல் மாஸ்ஃபெட்டின் கேட் சிக்னல் பார்க்கிறீர்கள், அடியில் 400 வோல்ட் ஆடுகிறது என்றால் 50 டெசிபலில் 1.25 வோல்ட்டுக்கு மேல் பொய் கலந்து வரும். சாதாரண மாஸ்ஃபெட்டுக்குச் சமாளிக்கலாம். காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர் என்றால் அந்த ஒரு வோல்ட்தான் வாழ்வா சாவா, அதற்கு டெக்ட்ரானிக்ஸ் 2016-இல் கொண்டுவந்த ஐசோவியூ மாதிரி ஒளி வழியே பிரிக்கும் ப்ரோப்கள் இருக்கின்றன. தனி ஆள் வாங்கும் விலையில் இல்லை.

சாதாரண ப்ரோப்பின் வோல்டேஜ் ரேட்டிங்கிலும் இதே கதை. 600 வோல்ட் என்று போட்டிருப்பது குறைந்த அதிர்வெண்ணுக்கு. சில மெகாஹெர்ட்ஸுக்குள் அது சரிய ஆரம்பித்து 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம் சில பத்து வோல்ட்டில் நிற்கும்; கையேட்டில் ஒரு வளைகோடு இருக்கும், பாருங்கள். 230 வோல்ட்டில் ஓடும் ஃப்ளைபேக் வகை எஸ்எம்பிஎஸ்ஸில் மாஸ்ஃபெட்டின் டிரெய்ன் கால் 325-க்கு மேலே இன்னும் நூறு, அதற்கு மேல் ஒரு கூர்முனை என்று 550, 600 வரை சாதாரணமாகப் போகும். அங்கே 300 வோல்ட் ப்ரோப் கூடாது, 600-உம் விளிம்புதான், 100எக்ஸ் ப்ரோப் வேண்டும். அந்த நேரத்தில் கை தவறி சுவிட்ச் 1எக்ஸுக்குப் போனால் முழு வோல்டேஜும் ஸ்கோப்பின் உள்ளே. இதற்காகவே சுவிட்ச் இல்லாத, 10எக்ஸ் மட்டும் உள்ள ப்ரோப்பை விரும்புகிறவர்களில் நானும் ஒருவன்.

அதற்காக 1எக்ஸே கூடாது என்றும் இல்லை. பவர் சப்ளையின் ரிப்பிள் (டிசியின் மேல் மிச்சமிருக்கும் சிற்றலை) 20 மில்லிவோல்ட் இருக்கிறதா என்று பார்க்கும்போது 10எக்ஸ் சிக்னலைப் பத்தில் ஒன்றாக்கிவிடும், ஸ்கோப்பின் சொந்த இரைச்சலில் ரிப்பிள் மூழ்கிவிடும். அங்கே 1எக்ஸ், ஏசி கப்ளிங், 20 மெகாஹெர்ட்ஸ் லிமிட், அந்தச் சின்ன ஸ்பிரிங். வெளியீட்டுக் கெப்பாசிட்டரின் இரு காலிலேயே வையுங்கள்.

ப்ரோப் உங்கள் ஸ்கோப்போடு பொருந்துமா என்பதையும் பாருங்கள். ஸ்கோப்பின் பிஎன்சி பக்கத்திலேயே "1 மெகாஓம், 16 பிகோஃபாரட்" என்பது போல எழுதியிருக்கும். ப்ரோப்பில் உள்ள சின்னத் திருகால் அதை ஸ்கோப்போடு ஒத்துப்போகச் செய்வதுதான் காம்பன்சேஷன்; அதன் வரம்பு 10 முதல் 25 பிகோஃபாரட் என்றால் சரி, பழைய அனலாக் ஸ்கோப்பில் 30 என்று இருந்தால் திருகை எவ்வளவு திருப்பினாலும் சதுர அலை சதுரமாகாது. அந்தத் திருகைத் தொடவே தொடாதவர்களைப் பற்றி என்ன சொல்வது, ஸ்கோப்பின் முகப்பில் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை தரும் கொக்கி எதற்கு இருக்கிறது? சேனல் மாற்றினாலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அப்புறம் 50 ஓம் உள்ளீட்டில் 10எக்ஸ் ப்ரோப்பைப் போட்டால் ஒன்றுமே வராது, ப்ரோப் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

பழைய ப்ரோப் வாங்குவதானால் கடையிலேயே மல்டிமீட்டர் வையுங்கள். முனையிலிருந்து பிஎன்சியின் நடு ஊசிக்கு 10எக்ஸில் 9 மெகாஓம் காட்ட வேண்டும், 1எக்ஸில் சில நூறு ஓம். இந்தச் சில நூறு ஓம் பழுது அல்ல. உள்ளே ஓடுவது தலைமுடி மாதிரி மெல்லிய ரெசிஸ்டன்ஸ் கம்பி, சிக்னல் கேபிளில் முன்னும் பின்னும் எதிரொலிக்காமல் இருக்க 1950-களிலிருந்தே அப்படித்தான் செய்கிறார்கள். கிளிப்பிலிருந்து பிஎன்சி உடம்புக்கு ஓர் ஓம் அல்லது அதற்கும் கீழே. அளக்கும்போது கேபிளின் இரு முனையையும் வளைத்து ஆட்டுங்கள், எண் குதித்தால் வேண்டாம். கேபிள் அறுந்த ப்ரோப்புக்கு சாதாரண ஆர்ஜி-58 கோஆக்சியல் கேபிள் வாங்கி ஒட்டவும் முடியாது, அந்த மெல்லிய கம்பி அதில் கிடையாது. கொக்கியையும் ஸ்பிரிங்கையும் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டு மீதியைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.