கடை வாசலில் கொடிக்கம்பம்: குழி தோண்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ புதிதாக ஒரு ஜவுளிக்கடையோ திருமண மண்டபமோ திறக்கப்போகிறார்கள் என்றால், பெயர்ப்பலகைக்கு அடுத்தபடியாக உரிமையாளர் ஆசைப்படுவது வாசலில் உயரமான ஒரு கொடிக்கம்பத்துக்கு. "கம்பம்தானே, இதற்கெல்லாம் அனுமதியா?" என்று நினைத்து, வெல்டிங் பட்டறையில் சொல்லி வாங்கி, விழாவுக்கு முதல் நாள் நட்டுவிடுகிறார்கள். பின்னால் வரும் நோட்டீஸுக்கும், சில நேரம் உயிரிழப்புக்கும் அந்த அவசரமே காரணமாகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கம்பத்தின் அடி யாருடைய மண்ணில் நிற்கிறது என்று பார்க்காமல் இருப்பது. நம் பழைய கடைத்தெருக்களில் கடைப்படியே சாக்கடைக்கு மேல்தான் இருக்கிறது. படிக்குப் பக்கத்து இடமும் நம்முடையது என்று தோன்றிவிடும். பட்டாவையும் புலப்படத்தையும் வைத்து நில அளவர் அளந்து காட்டும்போதுதான் எல்லை எங்கே முடிகிறது என்பது தெரியும். எல்லைக்கு வெளியே இருப்பது பொது இடம். அது உள்ளாட்சியின் தெருவாக இருக்கலாம், நெடுஞ்சாலைத் துறையின் இடமாக இருக்கலாம், வாய்க்கால் புறம்போக்காகவும் இருக்கலாம். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் செல்லும் சாலை தேசிய நெடுஞ்சாலை 83. அதன் ஓரத்து நிலத்துக்கு 2002ஆம் ஆண்டின் தனிச் சட்டமே இருக்கிறது. ஊராட்சித் தலைவர் வாய்மொழியாகச் சரி என்று சொன்னால் அது அங்கே செல்லாது.

டெல்டாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே எத்தனையோ கடைகள் கோயில் மனையிலும் மடத்து மனையிலும் நிற்கின்றன. கட்டடம் உங்களுடையதாக இருக்கலாம், அடிமனை கோயிலுடையது. நிரந்தரமாக எதை நட்டாலும் கோயில் நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலை முதலில் வாங்குங்கள். வாடகைக் கடை என்றால் உரிமையாளரின் கடிதம் வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்கு அருகே கடை வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 2010இல் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டத்தின்படி, சின்னத்தின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. கான்கிரீட் அடித்தளத்தோடு நிற்கும் கம்பத்தை அற்பமான வேலை என்று நாமாக முடிவு செய்துவிடக் கூடாது.

அடுத்தது மின்கம்பி. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. தஞ்சாவூர் அருகே களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலை, அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்துபோனார்கள். இரும்புக் கம்பம் அந்தத் தேரைவிட எளிதாகச் சாயக்கூடியது. நின்றபின் கம்பிக்கு எட்டாது என்று கணக்குப் போடுகிறார்கள். நிமிர்த்தும்போது நாலு பேர் பிடித்திருக்கும் கம்பம் ஒரு பக்கம் ஆடினால் என்ன ஆகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். தெருவில் போகும் 11,000 வோல்ட் கம்பிகளுக்குப் பெரும்பாலும் உறை கிடையாது. கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நுனி கம்பியைத் தொடாத தூரத்தில்தான் குழி இருக்க வேண்டும். அந்த அளவுக்கு இடம் இல்லையென்றால் கம்பமே வேண்டாம், சுவரில் ஒரு சிறு கோல் போதும். இடம் இருந்தாலும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மனு கொடுத்து, நடும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

காற்றையும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலில் வேதாரண்யம், நாகப்பட்டினம் பகுதிகளில் மின்கம்பங்களும் தென்னைகளும் விழுந்து கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகிறது. உச்சியில் பெரிய கொடி இருந்தால் அத்தனை இழுப்பும் அடித்தளத்துக்குத்தான் வரும். மழைக்காலத்தில் ஊறிக் கிடக்கும் நம் வண்டல் மண்ணில், இரண்டடிக் குழியில் ஜல்லி கொட்டினால் போதாது. மண்ணைப் பார்த்து ஒரு பொறியாளர் ஆழத்தைச் சொல்லட்டும். கடலோர ஊர்களில் துத்தநாகம் பூசிய குழாயையே கேட்டு வாங்குங்கள். உப்புக்காற்று சாதா இரும்பைப் பெயின்ட்டுக்கு அடியில் ஓசையில்லாமல் தின்றுவிடும்.

எந்தக் கொடி என்பதிலும் தவறுகள் நடக்கின்றன. தேசியக் கொடியைத் தனியார் நிறுவனமும் எல்லா நாளும் ஏற்றலாம். 2022இல் செய்த திருத்தத்துக்குப் பின் இரவிலும் பறக்கவிடலாம். ஆனால் அந்தக் கம்பத்தில் விளம்பரப் பலகை கட்டக் கூடாது. அதே கம்பத்தில் கடைக் கொடியையும் சேர்த்து ஏற்றக் கூடாது. கிழிந்த, வெளுத்த கொடியைத் தொங்கவிடுவது பெரிய அவமதிப்பு. கடையின் பெயர் அச்சிட்ட கொடியோ விளம்பரம். அதற்கு உரிமம் வேண்டுமா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கட்சிக்காரரோ சங்கத்துக்காரரோ கடை முன்னால் கம்பம் நட்டுக்கொள்கிறோம் என்று கேட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். பொது இடங்களில் உள்ள கட்சி, சாதி, மத அமைப்புகளின் நிரந்தரக் கொடிக்கம்பங்களை 12 வாரங்களில் அகற்ற வேண்டும் என்று 2025 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதன் மேல் வழக்குகள் தொடர்ந்தன. அந்தச் சண்டைக்குள் உங்கள் வாசல் போக வேண்டாம்.

மனு கொடுக்கும்போது கம்பத்தின் உயரம், எல்லையிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் உள்ள தூரம், அடித்தளத்தின் அளவு ஆகியவற்றை ஒரு வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். கடையைக் காலி செய்யும்போது பலர் கம்பத்தை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு, அடித்தளத்து போல்ட்டுகளை அப்படியே நீட்டிக்கொண்டிருக்க விட்டுப் போய்விடுகிறார்கள். இரவில் அந்த வழியாக நடந்து வரும் ஒருவரின் கால் அதில்தான் கிழிகிறது. போல்ட்டுகளைத் தரைமட்டத்துக்கு வெட்டி, மேலே சிமென்ட் பூசிவிட்டு வெளியேறுங்கள்.