ஏஐ முகவருக்கு நேர மண்டலத்தையும் சொல்லுங்கள்

மொரிசியஸின் எபென் சைபர் சிட்டியில் மென்பொருள் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு. ஏஐ முகவரை (நமக்காகக் கருவிகளை இயக்கி வேலை செய்யும் ஏஐ) நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்புடன் இணைக்கும்போது, ஒவ்வொரு கருவியும் என்ன செய்யும் என்று முகவருக்குச் சொல்லும் கருவி விளக்கத்தில் "இஷ்யூக்களை (பதிவான பிழைகள், புகார்கள்) தேடும்" என்று மட்டும் எழுதினால் போதாது. கருவியின் உள்ளே இருக்கும் நிரலை முகவர் பார்ப்பதில்லை. நீங்கள் எழுதிக் கொடுத்ததுதான் அதற்குத் தெரியும்.

கிட்ஹப்பின் இஷ்யூ பட்டியலைத் தரும் ஏபிஐ (நிரல்கள் தகவல் கேட்டுப் பெறும் வழி), புல் ரிக்வெஸ்டுகளையும், அதாவது நிரலில் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைகளையும், சேர்த்தே தரும். இதைச் சொல்லாவிட்டால், எத்தனை பிழைகள் பாக்கி என்று கேட்டதும் உப்பிய எண்ணிக்கை வந்து நிற்கும்.

அதைவிடத் தொல்லை நேரம். மொரிசியஸ் நேரம் யூடிசியைவிட (உலகப் பொது நேரம்; கிட்ஹப் ஏபிஐ தேதிகளை இதில்தான் தரும்) 4 மணி நேரம் முன்னால் இருக்கிறது. செவ்வாய் அதிகாலை 2 மணிக்குப் பதிவான புகார், கிட்ஹப் கணக்கில் திங்கள் இரவு 10 மணி. "இன்று வந்தவை" என்று கேட்டால் அது காணாமல் போகும். ஆகவே விளக்கத்தில் இப்படிச் சேருங்கள்:

"தேதிகள் யூடிசியில் உள்ளன. பயனர் சொல்லும் நாள் மொரிசியஸ் நாள். அந்த நாளின் தொடக்கத்திலிருந்தும் முடிவிலிருந்தும் 4 மணி நேரத்தைக் குறைத்துத் தேடவும். தேதி வடிவம் 2025-04-02T20:00:00Z (ஆண்டு-மாதம்-நாள், பிறகு யூடிசி நேரம்; இது மொரிசியஸில் ஏப்ரல் 3-இன் தொடக்கம்). புல் ரிக்வெஸ்டுகளை நீக்கிவிட்டு எண்ணவும்."

வாடிக்கையாளர்கள் பிரெஞ்சிலும் கிரியோலிலும் கலந்து எழுதுவார்கள் என்றால், அந்தச் சொற்களாலும் தேடச் சொல்லி ஒரு வரி போடுங்கள். புகாரை மூடும் கருவியைத் தனியாகவே வையுங்கள். "பயனர் ஒப்புக்கொண்ட பிறகே" என்பது அதன் முதல் வரியாக இருக்கட்டும்.