மிச்சிகனில் முதல் டிசம்பர்: பிரான்கன்முத்தில் ஒரு நாள்

ஓசூர் தொழிற்சாலைகளிலிருந்து டெட்ராய்ட் பக்கம் வேலைக்குப் புறப்படும் பொறியாளர்கள், பயணத்துக்கு முன் கிருஷ்ணகிரியில் உள்ள எங்கள் வீட்டுக்குக் குடும்பத்தோடு வந்து, வாடகை, வங்கிக் கணக்கு, பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். முதல் டிசம்பரைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. ஒன்பது ஆண்டுகள் அங்கே குடும்பம் நடத்திவிட்டு ஊர் திரும்பியவள் என்ற முறையில் சொல்கிறேன், புதிதாகப் போகிறவர்களை அந்த மாதம்தான் அதிகமாக வாட்டும். மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். தெருவில் ஆள் நடமாட்டம் இராது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து கேட்டு வரும் பண்டிகைச் சொற்களுக்குப் பொருள் சொல்ல நமக்குத் தெரியாது.

அதனால், அந்த முதல் குளிர்காலத்தில் ஒரு நாளை ஒதுக்கி, பிரான்கன்முத் என்னும் சிற்றூரில் உள்ள ப்ரோனர்ஸ் கிறிஸ்துமஸ் கடையை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்று எல்லாருக்கும் சொல்லி வருகிறேன். டெட்ராய்ட்டிலிருந்து ஐ-75 நெடுஞ்சாலையில் வடக்கே ஏறத்தாழ 145 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குப் போகும் தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு என்று கொள்ளலாம். பேருந்தை நம்பிப் புறப்பட வேண்டாம். உரிமம் வாங்கியிராதவர்கள், வண்டி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றோடு சேர்ந்து போவதே நல்லது. ஆண்டில் 361 நாள் கடை திறந்திருக்கும். புத்தாண்டு, ஈஸ்டர், நன்றி நவிலும் நாள் (நவம்பர் இறுதியில் வரும் ‘தேங்க்ஸ்கிவிங்’), கிறிஸ்துமஸ் ஆகிய நான்கு நாள்கள் மட்டுமே விடுமுறை. ஆகவே விடுமுறை கிடைத்துவிட்டது என்று கிறிஸ்துமஸ் அன்றே கிளம்பிவிடாதீர்கள். நன்றி நவிலும் நாளை அடுத்து வரும் சனி, ஞாயிறுகளில் கூட்டம் நெரியும் என்பதால், வார நாள் ஒன்றில் காலையிலேயே போவது உத்தமம்.

நுழைவுக் கட்டணமோ வண்டி நிறுத்தும் கட்டணமோ கிடையாது. கட்டடத்தின் பரப்பு ஏழு ஏக்கருக்கும் மேல், அதில் விற்பனைக் கூடம் மட்டுமே இரண்டு ஏக்கருக்கு மேல் என்றால், மாந்தோப்புக் கணக்குத் தெரிந்த நம் மக்களுக்கு அதன் விரிவு உடனே புரியும். ஜோடித்த மரங்களும், கையசைத்துத் தலையாட்டும் இயந்திரப் பொம்மைகளும், பல நாட்டுக் கைவினையில் அமைந்த கிறிஸ்து பிறப்புக் குடில்களும் வழிநெடுக வந்துகொண்டே இருக்கும். நவராத்திரிக்கு வீடு வீடாகப் போய்க் கொலு பார்க்கும் மனத்தோடு போனால் போதும். எதையும் வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. எலத்தகிரியில் குடில் பார்த்து வளர்ந்த எனக்கு, மாட்டுக் கொட்டகையும் வைக்கோலும் நடுவே குழந்தையும் அங்கே கண்ணில் பட்டபோது, ஊரை விட்டு வந்ததிலிருந்து முதன்முதலாக மனம் இளகியது.

இந்தக் கடையின் பிறப்பையும் தெரிந்துகொண்டு போங்கள். வாலி ப்ரோனர் என்பவர் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக 1945இல் தொழில் தொடங்கியவர். பிறகு ஊர்களின் விளக்குக் கம்பங்களுக்குக் கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்து கொடுக்கும் வேலை வந்து, அதுவே கடையாக வளர்ந்தது. அவர் 2008இல் காலமானார்; குடும்பத்தார் தொடர்ந்து நடத்துகிறார்கள். நம் ஊர்க் கடைத்தெருவில் தூரிகையோடு ஏணியில் நின்று போர்டு எழுதியவர்களைப் பார்த்தவர்களுக்கு, இந்தக் கடையில் கண்ணாடி உருண்டைகளில் பெயர் எழுதித் தரும் இடத்தின் முன்னால் நின்றால் கால் நகராது. கோலி போல வழுக்கும் சிவப்பு உருண்டையைத் திருப்பித் திருப்பி, எழுத்து வளைவோடு வளைந்து போகும்படி கையாலேயே எழுதுகிறார்கள். ஆர்னமென்ட் என்று சொல்லப்படும் இந்தத் தொங்கல்களில் ஆண்டுக்கு ஒன்று வாங்கி, பெயரும் ஆண்டும் எழுதிச் சேர்த்து வைப்பது அங்கே பல குடும்பங்களின் வழக்கம். பிள்ளையின் பெயரை வாயால் சொல்லாமல், ஆங்கில எழுத்துகளில் தெளிவாக ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நாங்கள் சொல்லிப் பார்த்தபோது, மகளுடைய பெயரின் நெட்டெழுத்து எங்கே இரட்டிக்கிறது என்று எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபட்டு, வரிசையில் பின்னால் நின்றவர்களைக் காக்க வைத்துவிட்டோம். விலைச் சீட்டில் உள்ள தொகையோடு ஆறு விழுக்காடு விற்பனை வரி சேரும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி வெள்ளரிப்பிஞ்சு ஒன்றைப் பார்த்தால் வியக்க வேண்டாம். அதை மரத்தின் பச்சைக் கிளைகளுக்குள் ஒளித்து வைப்பார்கள். முதலில் கண்டுபிடிக்கும் பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு பரிசு. இப்படி ஒன்றிரண்டு வழக்கங்கள் தெரிந்திருந்தால், வகுப்பில் பேச்சு எழும்போது நம் பிள்ளை ஒதுங்கி உட்கார்ந்திருக்காது. இதற்காகவே கூட நான் அனுப்புவேன்.

வெளியே உறைபனி, உள்ளே வெப்பமூட்டிய கூடம் என்பதால், தடித்த கோட்டுகளைக் கையில் சுமந்தபடியே இரண்டு மணி நேரம் நடக்க நேரும்; எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று. மெல்லிய உடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அணிந்து, கனமான கோட்டை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். சிறு பிள்ளைகளின் கையைக் கண்ணாடிப் பொருள்கள் உள்ள பக்கத்தில் விடாதீர்கள். அந்த ஊர் கோழி விருந்துக்குப் பெயர் பெற்றது. மரக்கறி உண்பவர்கள் புளிசாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போய், வண்டியில் வைத்துச் சாப்பிடலாம்.

கடை வளாகத்தில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. ‘சைலன்ட் நைட்’ என்னும் கிறிஸ்துமஸ் பாடல் 1818இல் முதன்முதலாகப் பாடப்பட்ட ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஊரில் உள்ள நினைவு ஆலயத்தைப் போலவே இதைக் கட்டியிருக்கிறார்கள். ஆலயத்தைச் சுற்றிய நடைபாதையில் அந்தப் பாடலின் வரிகளை 300க்கும் மேற்பட்ட மொழிகளில் பலகைகளாக நாட்டியிருக்கிறார்கள். எந்தச் சமயத்தவரானாலும் உள்ளே போய் அமரலாம்; வழிபடும் இடம் என்பதால் பேச்சைக் குறைத்து, பிள்ளைகளையும் அமைதியாக இருக்கச் செய்யுங்கள். எங்களோடு வந்திருந்த மாமியார், செருப்பை எங்கே கழற்றுவது என்று கேட்டார். அங்கே கழற்றுவதில்லை என்று சொன்ன பிறகும், வாசற்படியில் ஒரு நொடி தயங்கிக் கைகூப்பிவிட்டே உள்ளே வந்தார்.

இருட்டியவுடன் திரும்பிவிடாமல், வளாகத்தை ஒட்டி அரை மைல் நீளத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் எரியும் ‘கிறிஸ்துமஸ் லேன்’ வழியாக வண்டியை மெல்ல ஓட்டிப் பாருங்கள். பிள்ளைகள் அதுவரை விழித்திருக்கும்படி மதியமே சற்றுத் தூங்க வைத்துவிடுங்கள். அதன் பின் நெடுஞ்சாலையில் ஏறுமுன் பெட்ரோல் போட்டு, கண்ணாடியில் படிந்த பனியை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, இருட்டில் சாலையின் குறுக்கே மான்கள் பாயும் ஊர் அது என்ற நினைவோடு நிதானமாக வீடு வந்து சேருங்கள்.