இறங்குவதற்குத் தெம்பு மிச்சம் வையுங்கள்

என் மகனுக்கு நாலு வயசில் அவனைச் சிவகங்கை மலைக்குக் கூட்டிப்போனேன். பெங்களூரிலிருந்து தும்கூர் ரோட்டில், தாபஸ்பேட்டைக்குப் பக்கம். ஏறும்போது எனக்கு முன்னால் ஓடினான். உச்சியில் நந்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டான். மணி பதினொன்று. பாறை சுட ஆரம்பித்திருந்தது. பை முதுகில், பிள்ளை நெஞ்சில். என் பாதம் எனக்கே தெரியவில்லை. செதுக்கிய படிகளைக் காலால் தடவித் தடவி இறங்கினேன். அன்றைக்குப் பிடித்த பயம் எனக்கு இன்னும் விடவில்லை.

அதனால் பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருக்காரர்கள், பிள்ளைகளோடு மலையேறுவதைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்: திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு பண்ணுங்கள். ஆறரைக்கு ஏற ஆரம்பித்தால், எட்டரைக்கு எங்கே நிற்கிறோமோ அங்கேயே திரும்பிவிடுவோம். உச்சிக்கு இன்னும் பத்தே நிமிஷம் என்றாலும் திரும்புவோம். முந்தின நாள் ராத்திரியே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் அழுகை குறையும்.

முதல் தடவைக்குத் துரஹள்ளிக் காடு போதும். ஊருக்குள்ளேயே இருக்கிறது, அழுதால் உடனே வீட்டுக்கு வந்துவிடலாம். அடுத்தது ராமநகராவில் ராமதேவர பெட்டா. படிக்கட்டு உண்டு. 2012-இல் பிணந்தின்னிக் கழுகு சரணாலயமாக அறிவித்த இடம், அதனால் சத்தம் போடாமல் ஏறப் பழக்குங்கள். சாவனதுர்கா 1226 மீட்டர், பெரும்பகுதி மொட்டைப் பாறை, ஒதுங்க நிழல் கிடையாது. சின்னப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். மழை பெய்து பாறை ஈரமாக இருந்தால் எந்த மலையும் வேண்டாம்.

இறங்குமுன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பிள்ளையை உட்காரவைத்து ஷூ லேஸை முழுக்கத் தளர்த்துங்கள். குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பின்னால் ஒட்டவையுங்கள். பிறகு கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். இப்படிச் செய்யாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் விரல்நுனி ஷூவில் போய் முட்டும். என் மகளுக்குக் கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது இதனால்தான். நகத்தை இரண்டு நாள் முன்னாலேயே வெட்டிவிடுங்கள்.

சரிவில் பெரியவர் ஒரு படி கீழே, பக்கவாட்டில் நிற்கவேண்டும். மேலே நின்றுகொண்டு மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஐந்து வயதுக்குள் வெடுக்கென்று கையை இழுத்தால் முழங்கை மூட்டு விலகிவிடும். ரொம்பச் சரிவாக இருந்தால் பிள்ளை உட்கார்ந்து நகர்ந்து வரட்டும். டவுசர் கிழிந்தால் கிழியட்டும்.

பிள்ளைக்கென்று ஒரு சின்னப் பை கொடுங்கள். தண்ணீர், தொப்பி, ஒரு விசில். உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். 16 கிலோ பிள்ளைக்கு ஒன்றரை கிலோ. வழி தவறினால் நின்ற இடத்திலேயே நின்று மூன்று தடவை ஊதவேண்டும். இதை வீட்டிலேயே கண்ணாமூச்சி விளையாட்டாகப் பழக்கினோம்.

சிவகங்கையில் குரங்குகள் கையில் தொங்கும் கவரைக் கண்டால் விடாது. சாப்பாடு முழுக்கப் பைக்குள் இருக்கட்டும். நடுவில் கடலைமிட்டாய், பேரீச்சம்பழம். புளிசாதம் கீழே வந்து.

இரவு தங்க ஆசை இருந்தால், காட்டுக்குள் கூடாரம் போட வனத்துறை அனுமதி வேண்டும். அதற்கு முன்னால் மொட்டைமாடியில் போட்டுப் பாருங்கள். என் மகள் முதல் ராத்திரி பதினொரு மணிக்கே தலையணையோடு கீழே இறங்கி வந்தாள். இரண்டாவது தடவை மூத்திரம் போக மூன்று முறை என்னை எழுப்பினாள். மூன்றாவது தடவை டார்ச்சைத் தானே தேடி எடுத்து, “அப்பா, நீங்க தூங்குங்க, நான் போயிட்டு வரேன்” என்றாள். அடுத்த மாதமே அனுமதிக்கு எழுதிப்போட்டேன்.