செஸ்ட்நட் பாதையில் குட்டையைச் சுற்றிப் போகாதீர்கள்

சிங்கப்பூரின் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவுக்குப் புதிதாகச் சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள், எங்கள் கூட்டம் ஒரு காலத்தில் அடித்த கூத்தை அப்படியே அடிக்கிறார்கள். ஹெல்மெட், பிரேக் எல்லாம் கடைக்காரரே சொல்லி அனுப்பிவிடுவார். அதை விடுங்கள்.

தேங்கிய நீரைச் சுற்றிப் போவது

எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுவது இதுதான். மழை விட்ட மறுநாள் பாதை நடுவே ஒரு சின்னக் குட்டை. புது வண்டி, புதுக் காலணி. நம் ஆள் ஓரமாகப் புல்லில் ஏறிப் போகிறார். பின்னால் வருகிறவர்களும் அதே தடத்தில். புல் அழியும், ஈரமண் அமுங்கிக் குழியாகும், அடுத்த மழையில் குட்டை அதுவரை பரவும். அப்புறம் வருகிறவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவார். ஒரு சைக்கிளுக்கான பாதை லாரி போகும் அகலத்துக்கு வந்துவிடும். ஓரத்து மரவேர் மேல்மண் இழந்து துருத்திக்கொண்டு நிற்கும். ஈரவேரில் சக்கரம் வழுக்கி விழுவதும் பெரும்பாலும் புதியவர்தான்.

"ஒரு ஆள் போனா என்னண்ணே ஆயிடும்?" என்று ஒரு தம்பி கேட்டார். அவர் நின்ற இடமே அப்படி ஒவ்வொரு ஆளாகப் போய் உண்டானதுதான். காட்டினேன். சிரித்தார். மறுபடியும் சுற்றித்தான் போனார்!

81 ஹெக்டேர் பூங்காவில் நடப்பவர்களுக்கும் மலைச்சைக்கிளுக்கும் தனித்தனிப் பாதை விட்டிருக்கிறார்கள். இந்த ஊரில் அது அபூர்வம். மண் கெட்டால் சீரமைக்க மூட வேண்டியதுதான். சேற்றுக்குப் பயப்படாதவர்களும் சேர்ந்தே வீட்டில் உட்கார வேண்டும்.

சரி, என்ன செய்வது? மெதுவாக நடுவிலேயே போங்கள். ஆழம் தெரியவில்லையா, இறங்கித் தள்ளுங்கள், அதுவும் நடுவில்தான். டயர் தடம் ஒரு விரல்கடை ஆழத்துக்குப் பதிந்தால் அன்றைக்குத் திரும்பிவிடுங்கள்.

மெக்ரிச்சி நீர்த்தேக்கக் காட்டு நடைதடங்கள்

சைக்கிளே கூடாது. இயற்கை வனப்பகுதிகளில் குறித்த பாதையை விட்டு விலகினால் 2,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம்.

மணிக்கு 25 கிலோமீட்டர்

பூங்கா இணைப்புப் பாதையில் அது உச்சவரம்பு. பேரனைக் கூட்டிக்கொண்டு ஒரு பாட்டி நடக்கும்போது 10 கூட அதிகம்.

பக்கத்திலேயே சைக்கிள் பாதை இருந்தால்

அதையொட்டி நடப்பவர்களுக்கு மட்டுமென்று குறித்த பாதையில் ஏறாதீர்கள். 2025 ஜூலை 1 முதல் அது குற்றம்.

விளக்கு

இருட்டினால் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு.