அழைப்புக் கடிதத்தில் பெயர் இடம்மாறினால்

ஜெனீவா இளைஞர் மாநாட்டு அழைப்புக் கடிதத்தில் என் பெயரும் அப்பா பெயரும் இடம்மாறி வந்தன. மட்டக்களப்பில் நமக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லை; படிவம் அதைக் கேட்கும்போதே குழப்பம் தொடங்கிவிடும்.

கடவுச்சீட்டின் படப் பக்கத்தில், அடியில் 44 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரியில் எல்.கே.ஏ. (LKA) என்ற இலங்கையின் நாட்டுக் குறியீட்டுக்கு அடுத்து நிற்பதுதான் குடும்பப் பெயர். இரட்டை அம்புக்குறிக்குப் (<<) பிறகு மற்றப் பெயர்கள். அந்த ஒழுங்கை அப்படியே எழுதி, அந்தப் பக்கத்தின் ஸ்கானையும் இணைத்து ஏற்பாட்டாளரிடம் புதுக் கடிதம் கேட்டேன். கடவுச்சீட்டு இலக்கமும் அதில் வரவேண்டும், விடாதீர்கள்.

விமானப் பதிவும் காப்புறுதியும் அதற்குப் பிறகுதான். ஷெங்கன் வீசாவுக்கு, அதாவது சுவிட்சர்லாந்து உட்பட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது வீசாவுக்கு, காப்புறுதி ஈடுசெய்யும் தொகை குறைந்தது 30,000 யூரோவாக இருக்கவேண்டும். பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் கடவுச்சீட்டிலுள்ள அதே எழுத்துக்கூட்டலைப் போடச் சொல்லுங்கள்.